வில்லும் சில்லும்

மோட்டார் வண்டியொன்றை விரைவாகச் செலுத்துதற்கு இன்றியமையாதது யாது என இளைஞரை வினவின், எஞ்சினின் வலுவே என்று பெரும்பாலார் விடை பகர்வர். சிறிது அனுபவம் வாய்ந்தோர், அவ்வலுவைத் தரையிற் பயன்படுத்துதற்குத் தக்க தொங்கலமைப்பு வேண்டும் என்பர். கராஜ்களிலே சஸ்பென்சன் என வழங்கும் அவ்வமைப்பை எங்ஙனந் திருத்துவது என்று மேலும் வினவின், வில்லை விறைப்பாக்கி வண்டியைத் தாழ்த்திவிடுக என்னும் ஒரே விடை எத்திசையினின்றும் வரும். இவ்விடையில் உண்மை சிறிது உண்டு. அச்சிறிய உண்மையே பலரை ஏமாற்றுகின்றது. விறைப்பு வேறு, பிடிப்பு வேறு. அவையிரண்டையும் ஒன்றெனக் கொண்டு பணஞ் செலவிடுவோன் வேகத்தையும் பெறான். முன்பிருந்த பாதுகாப்பையும் இழப்பான். இதனைப் பௌதிக வகுப்பிற் பயிலும் சில எளிய விதிகளைக் கொண்டே விளக்கலாம்.

ஈண்டு நாம் கருதுவது தொழின்முறைப் பந்தயகாரனையன்று. நுவரெலியாவின் மஹகஸ்தொட்டப் பாதையிலே 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றப் போட்டி போன்றவற்றில், தன் சொந்த வண்டியைக் கொண்டு பங்குபற்றும் பொழுதுபோக்காளனையே கருதுகின்றோம். அவன் வண்டி ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடும். திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில் மனைவி மக்கள் ஏறுவர். ஆதலின் அவன் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இருவேறு நீதிமன்றங்களில் வழக்காடி வெல்லவேண்டும். பாதை விலகிய வண்டி செலுத்துவோனை மட்டும் தண்டிப்பதில்லை. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் போட்டியின்போது வண்டியொன்று பார்வையாளர் நடுவே பாய்ந்ததில் எழுவர் உயிரிழந்தமை நாடறிந்த துயரம். அதன் காரணங்களை ஆராய்தல் இக்கட்டுரைக்குரியதன்று. வண்டியின் பிடிப்பு ஒருவனுடைய சொந்த விடயம் மாத்திரமன்று என்பதற்காகவே அதனைக் குறிப்பிட்டோம்.

முதலில் ரயரை நோக்குவோம். வண்டியின் நிறை, திருப்பம், பிறேக்கு, இழுவை ஆகிய யாவும் உள்ளங்கையளவான நான்கு தொடுபரப்புகளின் ஊடாகவே தரையைச் சேர்கின்றன. உராய்வுக் குணகம் சுமையைப் பொறுத்ததன்று என நாம் பாடப்புத்தகத்திற் கற்றோம். மரக்குற்றிக்கும் மேசைக்கும் அது பொருந்தும், இறப்பருக்குப் பொருந்தாது. ரயரின் மேலுள்ள சுமை கூடக்கூட அதன் பிடிப்புங் கூடுமாயினும், சுமை கூடும் அளவுக்குப் பிடிப்புக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு ரயரின் குணகம் 250 கிலோகிராம் சுமையில் 1.0 எனவும், 400 கிலோகிராமில் 0.9 எனவும், 100 கிலோகிராமில் 1.05 எனவுங் கொள்வோம். இரு ரயர்கள் 250 கிலோகிராம் வீதம் தாங்கின் அவற்றின் மொத்தப் பிடிப்பு 500 கிலோகிராம் நிறைக்குச் சமம். அதே 500 கிலோகிராமை ஒன்று 400, மற்றையது 100 எனத் தாங்கின் பிடிப்பு 360, 105 ஆகி, மொத்தம் 465 ஆகக் குறைகின்றது. சுமை ஒரு பக்கஞ் சாயுந்தோறும் பிடிப்பை இழக்கின்றோம். இனிவரும் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

இனி, வளைவிலே எவ்வளவு சுமை பக்கம் மாறுகின்றது என்பதைக் கணித்துப் பார்க்கலாம். திணிவு 1000 கிலோகிராம். புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீற்றர், இடவலச் சில்லுகளுக்கிடைத் தூரம் 1.4 மீற்றர், வளைவில் எழும் பக்க ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.8 பங்கு. திருப்பங்களைச் சமப்படுத்தின், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை 1000 ஐ 0.8 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி 1.4 ஆற் பிரிக்க வருவது. அஃதாவது ஏறக்குறைய 286 கிலோகிராம். பக்கத்துக்கு 500 ஆக இருந்த சுமை வெளியே 786, உள்ளே 214 ஆகிவிடுகின்றது. இக்கணக்கில் வில்லின் விறைப்பு எங்காவது வந்ததா என மாணவர் மீண்டும் ஒருமுறை நோக்குக. வரவில்லை. வண்டியின் உடல் சாய்வதனால் மையம் சிறிது விலகும் விளைவொன்று உண்டு. அது மிகச் சிறியது. ஆகவே, விறைத்த வில்லைப் பூட்டியதும் வண்டி சாயாது நிற்பதைக் கண்டு, சுமைமாற்றம் நின்றுவிட்டது எனக் களிப்பவன் கண்ணால் ஏமாற்றப்படுகின்றான். சாய்வு குறைந்தது; சுமை முன்போலவே மாறிற்று.

வண்டியைத் தாழ்த்துவதன் பயனையும் இதே கணக்காற் காணலாம். 30 மில்லிமீற்றர் தாழ்த்தினால் உயரம் 0.47 மீற்றர் ஆகும். மாறுஞ் சுமை 269 கிலோகிராம் ஆகும். மிச்சம் 17 கிலோகிராம். இது பயனற்றதன்று, ஆயினும் இதற்காகக் கொடுக்கும் விலை யாதென்பதைப் பின்னர் காண்போம்.

அங்ஙனமாயின் வில்லின் தொழில்தான் யாது? மேடுபள்ளமான வீதியிலே சில்லைத் தரையோடு ஒட்டியிருக்கச் செய்வதே அதன் முதற்றொழில். உடல் அளவுமீறிச் சாய்ந்து சில்லின் கோணங்களைக் கெடுத்துவிடாமற் காப்பது இரண்டாவது. முதற்றொழிலுக்கு மென்மை வேண்டும். இரண்டாவதற்கு விறைப்பு வேண்டும். தொங்கலமைப்புக் கலை முழுவதும் இவ்விரண்டையும் இணங்கச் செய்யும் முயற்சியே.

விறைப்பை வெறும் எண்ணாற் கூறினாற் பொருளில்லை. 25 நியூற்றன் மில்லிமீற்றருக்கு என்னும் வில் சிறு வண்டிக்குக் கடினமாகவும் பெரு வண்டிக்கு மெத்தையாகவும் இருக்கும். எனவே பொறியியலாளர் இயல்பு மீடிறனையே அளவுகோலாகக் கொள்வர். ஆய்கூடத்திலே சுருள்வில்லில் தட்டொன்றைத் தொங்கவிட்டு அலைவுகளை எண்ணிய எவர்க்கும் இது புதிதன்று. வில் தன் சுமையால் எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்கின்றதோ அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் 5 ஐப் பிரிக்க, விநாடிக்கு எத்தனை அலைவு என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 16 சென்ரிமீற்றர் அமிழ்வுக்கு 1.25; 4 சென்ரிமீற்றர் அமிழ்வுக்கு 2.5. வீதி வண்டிகள் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரையில் அமைகின்றன. காற்றழுத்தச் சிறகுகளில்லாத பந்தய வண்டிகள் 2 முதல் 2.5 வரையில் நிற்கும். இரு வாழ்வு வாழும் நமது வண்டிக்கு 1.6 முதல் 1.8 வரை போதும் என்பது எமது கருத்து.

முன்மூலை ஒன்றில் வில்லின்மேல் 250 கிலோகிராம் இருப்பதாகக் கொள்க. 1.25 மீடிறனுக்குச் சில்லில் வேண்டிய விறைப்பு மில்லிமீற்றருக்கு 15.4 நியூற்றன், 1.75க்கு 30.2 நியூற்றன். மீடிறன் ஐந்தில் இரண்டு பங்கு கூடுவதற்கு விறைப்பு இருமடங்காக வேண்டியிருக்கின்றது. எனவே, விறைப்பு இருமடங்கு எனக் கடைக்காரர் பெருமை பேசின் அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. மீடிறனைக் கணித்துக் கொள்க. ஓர் எச்சரிக்கை: இங்குச் சொன்னது சில்லில் உணரப்படும் விறைப்பு. வில் கரத்தின் நடுவே பூட்டப்பட்டிருப்பின் நெம்புகோல் விகிதத்தின் வர்க்கத்தால் அது குறையும். கரத்தின் நீளத்தில் 0.6 பங்கில் நிற்கும் வில்லின் விறைப்பில் 0.36 பங்கே சில்லைச் சேரும். விசையும் ஒருமுறை குறைகின்றது, பெயர்ச்சியும் ஒருமுறை குறைகின்றது என்பதே காரணம். நிமிர்ந்த தண்டோடு வில் சூழ அமைந்த மக்பேர்சன் முறையில் இவ்விகிதம் ஒன்றுக்கு அண்மையில் இருக்கும்.

மென்மையான வில்லும் வேகமும் பகையல்ல என்பதற்குச் சான்று வேண்டுவோர், கொலின் சப்மன் 1962இல் வெளியிட்ட லோட்டஸ் எலான் வண்டியை நினைக்க. எடை குறைந்த அவ்வண்டியின் விற்கள் மென்மையானவை. அவற்றின் அசைவைத் தணிப்பான்களும், சில்லுகளைச் சரியான கோணத்தில் நிறுத்தும் கரங்களும் அடக்கி ஆண்டன. வளைவுகளில் அதன் ஒழுக்கம் இன்றும் எடுத்துக்காட்டாகவே பேசப்படுகின்றது. மலையேற்றப் போட்டிகளுக்கு இப்பாடம் மிகப் பொருந்தும். ஓட்டமோ குறுகியது, ரயர் சூடேறிப் பசைகொள்ள நேரமில்லை. பாதையோ மற்றைய நாட்களில் பஸ்ஸும் லொறியும் ஓடிய தார்வீதி. விறைத்த வண்டி அங்கே தாவித் தாவிச் செல்லும்; தாவும் சில்லுக்குப் பிடிப்பு இல்லை.

வில் சக்தியைச் சேமித்து மீளக் கொடுக்கும், அழிக்காது. அழித்து வெப்பமாக்குவது தணிப்பான். ஷொக் அப்சோபர் என்னும் அதன் வழக்குப் பெயர் தவறான எண்ணத்தைத் தருவது. அதிர்ச்சியை ஏற்பது வில், அலைவை அடக்குவதே தணிப்பான். அலைவு முற்றாக அடங்கி, மீண்டும் அலையாது நிலைக்குத் திரும்பும் எல்லையை அவதித் தணித்தல் என்போம். வசதிக்காக அமைந்த வீதி வண்டியில் அவ்வெல்லையின் கால்பங்களவே தணித்தல் இருக்கும். பந்தய வண்டியில் பத்தில் ஆறு ஏழு பங்கு, அஃதாவது 0.6 அல்லது 0.7 அளவு இருக்கும். அவதித் தணித்தல் விறைப்பின் வர்க்கமூலத்தோடு கூடுவது. ஆகவே வில்லின் விறைப்பை இருமடங்காக்கிப் பழைய தணிப்பானையே விட்டுவைத்தால், தணித்தல் விகிதம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். வண்டி முன்னிலும் கூடுதலாகத் துள்ளும். வில்லை மட்டும் மாற்றிவிட்டுத் துள்ளுகின்றதே என வருந்துவோர் வண்டியைப் பழித்தற்கில்லை.

தணித்தல் மிகினும் தீங்கே. தணிப்பான் நீளும்போது எதிர்க்கும் விசை அளவுமீறின், பள்ளத்தைக் கடந்த சில்லு மீண்டும் கீழிறங்க நேரம் பெறாது. அடுத்தடுத்து மூன்று பள்ளங்கள் வரின், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக வண்டி தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு, இறுதியில் இறப்பர்த் தடைகளின்மேல் அமர்ந்துவிடும். செலுத்துவோன் வில் மென்மை என எண்ணி இன்னும் விறைத்த வில்லைத் தேடுவான். நோயொன்று, மருந்தொன்று. திருகித் திருத்தத்தக்க தணிப்பான் பூட்டியோர், மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, ஒரு முறைக்கு ஓரிரு படியாகக் கூட்டி, வண்டியின் மிதப்பு நிற்கும் இடத்தில் நிறுத்துதல் நன்று.

இப்போது தாழ்த்துதலின் விலையைக் கூறுவோம். சில்லு மேலே செல்வதற்குரிய இடம் எல்லையுடையது. அதன் முடிவில் இறப்பர்த் தடை நிற்கின்றது. அவ்விடம் 70 மில்லிமீற்றர் உள்ள வண்டியை 40 மில்லிமீற்றர் தாழ்த்தினால் எஞ்சுவது 30. வளைவின் நடுவே வண்டி சாய்ந்து வெளிச்சில்லு அத்தடையைத் தொட்ட கணத்தில், அம்மூலையின் விறைப்புச் சட்டெனப் பன்மடங்காகும். அச்சில்லின் மேல் சுமை பாயும், அது வழுக்கும். முன்னறிவிப்பு எதுவுமின்றி வரும் இவ்வழுக்கலே புதிதாகத் தாழ்த்திய வண்டிகள் பல வேலிக்குள் புகுவதற்குக் காரணம்.

மக்பேர்சன் முறையில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. இம்முறை 1950களின் தொடக்கத்திலே போர்ட் கொன்சல், செபிர் வண்டிகளிற் புகழ்பெற்று, பின்னர் உலகெங்கும் சிறு வண்டிகளின் பொதுவழக்காயிற்று. இதிலே கீழ்க்கரம் சில்லை நோக்கிச் சிறிது கீழ்ச்சாய்ந்து நிற்றல் இயல்பு. வண்டியைத் தாழ்த்தக் கரம் கிடையாகி, பின் மேல்நோக்கிச் சாயும். அப்போது வண்டி எப்புள்ளியைச் சுற்றிச் சாய்கின்றதோ அச்சாய்வு மையம், புவியீர்ப்பு மையத்தைக் காட்டிலும் விரைவாகக் கீழிறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீளுமாதலின், சாய்வைக் குறைப்பதற்காகத் தாழ்த்திய வண்டி அதே வில்லோடு முன்னிலும் அதிகமாகச் சாயும். அத்துடன் ஸ்ரியறிங் தண்டின் கோணமுங் கெட்டு, ஒவ்வொரு மேட்டிலும் சில்லு தானாகவே இடமோ வலமோ திரும்பும். ஆகையால் மக்பேர்சன் வண்டியை 25, 30 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்த்த விரும்புவோர், போல் ஜொயின்ற்றின் நிலையைத் திருத்தும் உறுப்புகளையும் சேர்த்தே விலை கணிக்கவேண்டும்.

வில்லை அறுத்துத் தாழ்த்தும் வழக்கத்தைப் பற்றி இரண்டொரு சொல். சுருளின் விறைப்பு அதன் சுற்றுகளின் தொகைக்கு நேர்மாறு விகிதமானது. தொழிற்படும் ஆறு சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஐந்திலொரு பங்கு கூடும். கணக்கு அழகியதே. ஆனால் அறுத்த வில் நீளத்திற் குறைந்தது. வண்டி மேட்டில் எழும்பிச் சில்லு முற்றாகத் தொங்கும்போது வில் தன் இருக்கையை விட்டு நழுவலாம். மீளும்போது எங்கு அமரும் என எவரும் அறியார். சுடர்விளக்கால் வெட்டியிருப்பின் உருக்கின் பதனும் கெட்டிருக்கும். இது எக்காலமும் செய்யத்தகாதது. புதிய வில்லையும் தக்க கருவியின்றிக் கழற்றவோ பூட்டவோ முயலற்க. மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் விறைப்புள்ள வில்லை 150 மில்லிமீற்றர் அமுக்கினால் அதில் 225 யூல் சக்தி அடங்கியிருக்கும். 23 கிலோகிராம் பாரம் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து வீழ்வதற்கு அது சமம். கைவிரலுக்கும் முகத்துக்கும் அருகே அச்சக்தி இருக்கின்றது என்பதை மறக்கலாகாது.

மொத்தச் சுமைமாற்றத்தை வில்லால் மாற்றமுடியாது என்றோம். ஆனால் அம்மாற்றத்தில் எத்தனை பங்கு முன்னச்சில், எத்தனை பங்கு பின்னச்சில் நிகழவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். எந்த அச்சு சாய்வைக் கூடுதலாக எதிர்க்கின்றதோ அந்த அச்சே கூடுதற் பங்கை ஏற்று, கூடுதலான பிடிப்பை இழக்கும். முன்னச்சு முதலில் இழப்பின், ஸ்ரியறிங்கைத் திருப்பியும் வண்டி நேரே செல்ல முனையும். இதைக் குறைதிருப்பம் என்க. பின்னச்சு இழப்பின் வால் வெளியே வீசும், அது மிகைதிருப்பம். றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி 1930இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மொறிஸ் ஒலி என்பார், நகர்த்தத்தக்க பாரங்கள் ஏற்றிய சோதனை வண்டியைக் கொண்டு இவற்றை ஆராய்ந்தவர்களுள் முதல்வர். முன்வில் பின்வில்லிலும் மென்மையாக இருப்பின், மேட்டை முதலிற் கடந்த முன்பக்கத்தின் அலைவைப் பின்பக்கத்தின் விரைந்த அலைவு எட்டிப்பிடித்து, வண்டி ஊஞ்சலாடாது சமநிலை பெறும் என்பதும் அவர் கண்டது.

இப்பங்கீட்டை மாற்றுதற்கு மலிவான கருவி சாய்வுத்தடுப்புத் தண்டு. ஸ்ரபிலைசர் பார் என்பர். இது இருபுறச் சில்லுகளையும் இணைக்கும் முறுக்கத் தண்டு. இரு சில்லும் ஒருங்கே எழும்பின் இது வேலை செய்யாது. ஒன்று எழ மற்றையது தாழின் முறுகி எதிர்க்கும். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் வலுவோடு கூடும். 20 மில்லிமீற்றர்த் தண்டுக்குப் பதிலாக 22 பூட்டின் விறைப்பு நூற்றுக்கு 46 கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு மில்லிமீற்றரின் வலிமை அது. முன்சில்லால் இழுக்கப்படும் இக்காலச் சிறு வண்டிகளுக்குக் குறைதிருப்பம் கூடப்பிறந்தது. பின்தண்டைத் தடிப்பாக்கினால் அது குறைந்து, வண்டி வளைவுகளில் உற்சாகமாகத் திரும்பும். பந்தயத்தில் இன்பமான இம்மாற்றம் வீதியில் ஆபத்தாவதும் உண்டு. மழைநாளில் வளைவின் நடுவே மாடொன்று குறுக்கிட, அச்சத்தாற் காலை அக்சிலரேற்றரிலிருந்து எடுத்த கணமே சுமை முன்னே பாய்ந்து, பின்பக்கம் வீசும். தொழிற்சாலையார் குறைதிருப்பத்தை வேண்டுமென்றே வைப்பது, சாதாரண மனிதனின் அச்சத்தை அறிந்தே. எனவே தண்டைத் தடிப்பாக்குவோர் ஒரு படிக்கு மேற் செல்லாதிருத்தல் நன்று. துளைகள் மூலம் திருத்தத்தக்க தண்டாயின், வீடு திரும்புமுன் மென்மையான துளைக்கு மாற்றிவிடலாம்.

இத்தனையும் வாங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதனைச் சொன்னால் இளைஞர் முகஞ் சுழிப்பர். பழையதைப் புதுப்பித்தலே அது. பதினைந்து இருபது வருடம் ஓடிய வண்டியின் இறப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். போல் ஜொயின்ற் தளர்ந்திருக்கும். தணிப்பானில் எண்ணெய் கசிந்திருக்கும். மூலையை அமுக்கிக் கைவிட்டால் ஒருமுறை எழுந்து அமைதியடையவேண்டிய வண்டி, மூன்று நான்கு முறை ஆடும். இவற்றின் மேல் விலையுயர்ந்த வில்லைப் பூட்டுவது உளுத்த வளையின்மேல் புது ஓடு வேய்வதை ஒக்கும். தொழிற்சாலை விதித்த உறுப்புகளையே புதிதாக இட்டு, நல்ல ரயரும் பூட்டினால், வண்டியில் எவ்வளவு நன்மை ஏற்கெனவே ஒளிந்திருந்தது என்பது விளங்கும். பலர்க்கு அதுவே போதுமாகும். பொலியூரித்தேன் புஷ் பூட்ட விரும்புவோர், ஒரு திசையில் மட்டும் சுழலும் இடங்களில் அதனைப் பூட்டலாம். பல திசையிலும் நெளியவேண்டிய பின்கரப் புஷ்களுக்கு இறப்பரே நன்று. அங்கே கடினமான புஷ் கரத்தை இறுக்கி, கணக்கில் வராத வில்லாகிவிடும். எந்த இறப்பர்ப் புஷ்ஷாயினும் அதன் போல்ற்றை வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குக. ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால், இறப்பர் எந்நேரமும் முறுகியவாறே இருந்து சில மாதங்களிற் கிழியும்.

அடுத்தது கோணங்கள். செலவு குறைந்து பயன் மிகுந்த திருத்தம் இதுவே. வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சில்லும் உடன்சாய்ந்து, தன் வெளிவிளிம்பில் நிற்க முனையும். அதை முன்கூட்டியே ஈடுசெய்ய, சில்லின் மேற்பகுதியை 1.5 முதல் 2.5 பாகை வரை உட்சாய்த்து வைப்பர். கம்பர் எனப்படுவது இது. நாட்தோறும் வீதியில் ஓடும் வண்டிக்கு 1.5 பாகைக்கு மேல் வைப்பின் ரயரின் உள்விளிம்பு விரைந்து தேயும். போதுமா என அறிதற்குப் பழைய முறையொன்று உண்டு. ரயரின் தோளிலே சுண்ணாம்புக்கட்டியாற் கோடிட்டு ஒரு ஓட்டம் ஓடி வருக. கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருப்பின் கம்பரோ காற்றழுத்தமோ போதாது; தோளை எட்டு முன்னரே அழிவு நின்றுவிட்டிருப்பின் மிகுதி. சில்லுகள் ஒன்றையொன்று நோக்கிக் கூம்பியோ விரிந்தோ நிற்கும் அளவை, வண்டியின் இருமருங்கும் சமாந்தரமாக நூல் கட்டி, சில்லின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலுமிருந்து நூல்வரை அளந்து வீட்டு முற்றத்திலேயே காணலாம். தரை மட்டமாக இருத்தல் வேண்டும். செலுத்துவோனின் நிறைக்குச் சமமான அரிசிமூட்டை ஆசனத்தில் இருத்தலும் நன்று.

இவ்வனைத்தையும் ஒரே வண்டியிற் காண விரும்புவோர்க்கு மினி ஏற்றது. அலெக் இசிகோனிஸ் அமைத்து 1959இல் வெளிவந்த அவ்வண்டிக்கு, அலெக்ஸ் மோல்ற்றன் உருக்குச் சுருளுக்குப் பதிலாக இறப்பர்க் கூம்புகளை வில்லாக அமைத்தார். சுமார் 600 கிலோகிராம் நிறையுள்ள வண்டியில் நால்வர் ஏறின் நிறை ஏறக்குறைய அரைப்பங்கு கூடிவிடும். அமுங்க அமுங்க விறைக்கும் இறப்பர், அவ்வேறுபாட்டை இடச்சுருக்கத்தோடு தாங்கிற்று. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்றே கார்லோ றலியை வென்ற மினி கூப்பர் எஸ், பத்து அங்குலச் சில்லுகளில் ஓடிய வண்டியே. ஆனால் இறப்பர் ஆண்டுகளோடு அமிழ்ந்து இறுகும். தாழ்ந்து விறைத்த பழைய மினியைக் கண்டு பந்தயத்துக்குத் தாழ்த்தியது எனப் போற்றுவோர் உளர்; அது முதுமையன்றி வேறில்லை. புதிய கூம்புகளே அதன் முதற் திருத்தம். கூம்புக்கும் கரத்துக்கும் இடையே நிற்கும் தண்டின் நீளத்தைத் திருகி மாற்றும் உறுப்பு கிடைக்கின்றது. நெம்புகோல் விகிதத்தால், அதில் 1 மில்லிமீற்றர் குறைப்பின் வண்டி முன்னே ஏறக்குறைய 3, பின்னே ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தாழும். தொழிற்சாலைக் கம்பர் முன்னே வெளிச்சாய்வானது. சிறிது நீண்ட கீழ்க்கரத்தைப் பூட்டி அதை 1.5 பாகை உட்சாய்வாக்குவர். நல்ல தணிப்பானும் புதிய புஷ்ஷும் சேரின், வீதிக்கும் மலைக்கும் பொருந்திய வண்டி கிடைக்கும். வில் மாற்றம் இப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க.

மாற்றங்களை ஒருங்கே செய்யாது ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் அதே பாதையில் ஓடிப்பார்த்துக் குறிப்பெழுதுக. ரயரின் அழுத்தம், தணிப்பானின் படி, கம்பர், எரிபொருளின் அளவு, வீதி ஈரமா உலர்வா, எடுத்த நேரம் ஆகியன குறிப்பில் இடம்பெறல் வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் அறிவித்துவிடுக; அறிவியாத மாற்றம் விபத்தின் பின் வழக்காகும். புதிதாகப் பூட்டிய போல்ற்றுகளை 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். போட்டி முடிந்து வீடு திரும்புமுன், சில்லு நட்களைச் சரிபார்த்து, தணிப்பானைப் போட்டிக்கு முன்னிருந்த படிக்குத் திருப்பி, ரயர் ஆறியபின் அழுத்தத்தை வீதிக்குரிய அளவுக்கு நிரப்பி, ஒவ்வொரு ரயரின் உட்சுவரையும் கையால் தடவிப் பார்த்தபின்னரே பிள்ளைகளைப் பின்னாசனத்தில் ஏற்றுக.